விண்டோஸோடு எட்ஜ், ஆண்ட்ராய்டோடு குரோம்: இலவசமா வந்தா என்ன தப்பு?

தொண்டியிலிருந்து ஒரு தம்பி | 5 செப்டம்பர் 2025, மாலை 6.20

கூகுள் குரோமை விற்க வேண்டாம்னு அமெரிக்க நீதிபதி 2ஆம் தேதி தீர்ப்பு சொல்லிட்டார். சரியான தீர்ப்புன்னுதான் நான் நினைக்கிறேன். போன் வாங்கினா பிரவுசரும் கூட வரணும், கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். காசு கேட்காம தர்ற பொருளுக்கு எதுக்கு வழக்கு, அபராதம்? பிடிக்காதவன் வேற பிரவுசர் இறக்கிக்கட்டும், ரெண்டு நிமிஷ வேலை. இதுல போட்டி எங்க கெட்டுப் போகுது?

#1 | 5 செப்டம்பர், இரவு 9.45

தம்பி சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியால் சோறு தின்றவள் நான், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2001இல் கீழக்கரையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஐந்து கம்ப்யூட்டர், விண்டோஸ் 98, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு போன் லைன். பிஎஸ்என்எல்லின் சஞ்சார்நெட் இணையக் கணக்கு. மோடம் கத்தி முடிக்கும் வரை எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்போம், ஏதோ பிரசவ அறைக்கு வெளியே நிற்பது மாதிரி. பெண் நடத்தும் கடை என்பதால் துபாயிலும் சவுதியிலும் வீட்டுக்காரர் இருக்கிற பெண்கள் தைரியமாக வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும் கை போகிற இடம் அந்த நீல 'இ'. அதற்குப் பெயர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் 'நெட்'.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து ஒரு மெஷினில் நெட்ஸ்கேப் என்ற வேறொரு பிரவுசரைப் போட்டு வைத்தேன். அந்த மெஷினில் யாரும் உட்காரவில்லை. "அது வேற நெட்டுமா, எங்களுக்கு வேண்டாம்" என்றார் ஒரு லாத்தா.

பிரவுசர் இல்லாத கம்ப்யூட்டரில் பிரவுசரை எதை வைத்து இறக்குவது? கூடவே வந்ததால்தான் கடை திறக்க முடிந்தது. ஆக, கூட வருவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

#2 | 6 செப்டம்பர், காலை 6.30

ராத்திரி தூங்கும்போது 'ரெண்டு நிமிஷ வேலை' மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது.

2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. 5 எம்பிக்கும் குறைவு. எங்கள் லைனில் அதை இறக்க அரை மணிக்கு மேல் ஆனது, அதுவும் மற்ற நாலு மெஷின்காரர்கள் "என்னம்மா நகரவே மாட்டேங்குது" என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்போது. நடுவில் லைன் அறுந்தால் முதலிலிருந்து. மூன்று தடவை அறுந்தது. கடைசியில் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து இறக்கினேன்.

ரெண்டு நிமிஷம் என்பது 2025இல் தொண்டியில் இருக்கிற உனக்கு, தம்பி.

#3 | 6 செப்டம்பர், இரவு 10.10

இன்று கடையில் கூட்டம் இல்லை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1998 மே 18. அமெரிக்க நீதித்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் மேல் வழக்குப் போட்ட நாள். 'ஏன் இலவசமாகக் கொடுத்தாய்' என்பது மட்டும்தான் வழக்கு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் வேறு கதை.

காம்பாக் கம்பெனி 1996இல் தன்னுடைய பிரசாரியோ கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகானை எடுத்துவிட்டு நெட்ஸ்கேப்பை வைத்தது. திருப்பி வைக்காவிட்டால் விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வோம் என்று மைக்ரோசாஃப்டிடமிருந்து கடிதம் போனது. விண்டோஸ் இல்லாமல் அன்றைக்குக் கம்ப்யூட்டர் விற்க முடியுமா? ஐகான் மறுபடி வந்து உட்கார்ந்தது. அதே வருஷம் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவைக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம். விண்டோஸ் முகப்பில் உங்கள் சேவைக்கு இடம் தருகிறோம், பதிலுக்கு உங்கள் சந்தாதாரர்களுக்கு எங்கள் பிரவுசரைக் கொடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் 1999 பிப்ரவரியில் கோர்ட்டில் போட்டுக் காட்டிய வீடியோ. பிரவுசரைப் பிடுங்கினால் விண்டோஸே தடுமாறும் என்று நிரூபிக்க மைக்ரோசாஃப்ட் எடுத்து வந்தது. சாட்சி சொல்ல வந்தவர் அதன் மூத்த அதிகாரி ஜிம் ஆல்ச்சின். அரசுத் தரப்பு வக்கீல் டேவிட் பாய்ஸ் அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொன்னார். விண்டோவின் தலைப்புப் பட்டையில் இருந்த எழுத்து, இருக்க வேண்டியபடி இல்லை. பிரவுசரைப் பிடுங்கியதாகச் சொன்ன கம்ப்யூட்டர் அது இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் எடுத்த படம் போல வந்தது, கடைசியில் பல கம்ப்யூட்டர்களில் எடுத்து ஒட்டியது என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை சட்டை நடுவில் நிறம் மாறினால் எப்படிச் சிரிப்போம், அப்படி.

நீதிபதி ஜாக்சன் 2000 ஜூனில் கம்பெனியை ரெண்டாக உடைக்கச் சொன்னார். ஆக, பிரவுசரை விண்டோஸோடு சேர்த்துக் கட்டியது சட்டவிரோதம் என்று முடிவாகிவிட்டது.

#4 | 7 செப்டம்பர், காலை 11.00

இதை நம்ம ஊர் கணக்கில் சொல்கிறேன்.

எங்கள் அண்ணன் தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகுக்காரர். நண்டு வலை. எஞ்சின் பழுதான வருஷம் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். வட்டி கிடையாது. பத்திரம், கையெழுத்து ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு பேச்சு: நண்டு அவர் தராசுக்குத்தான் வர வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் கரையில் நின்று பார்த்தேன். மதினியும் இன்னும் மூன்று பெண்களும் வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கால் உடையாமல் கழற்ற வேண்டும், உடைந்தால் விலை பாதி. கூடை தராசில் ஏறியது. 12 கிலோ 400 என்று காட்டியது. வியாபாரியின் ஆள் வாயைத் திறக்காமல் நோட்டில் 12.100 என்று எழுதினார். முன்னூறு கிராம் கழிவு. தண்ணீருக்காம். வலையிலிருந்து கழற்றி ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்த நண்டில் ஏது தண்ணீர்? நான் கேட்கப் போனேன், மதினி என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்.

இன்னொருவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கரையில் ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். கிலோவுக்குக் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார். கழிவும் கிடையாது. ஆனால் அவருக்கு விற்க யார் கையிலும் நண்டு இல்லை, எல்லார் நண்டும் யாருக்காவது பேசி முடிந்தது. நாலு மாதம் பார்த்தார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் பக்கம் போய்விட்டார். அவர் போன பிறகுதான் கழிவு இருநூறிலிருந்து முன்னூறு ஆனது.

அண்ணனைக் கேட்டால் "வட்டியில்லாத பணம் யார் தர்றா?" என்பார். தம்பி கேட்கிற 'இலவசமாத் தர்றதுல என்ன தப்பு'ம் இதேதான். முன்பணம் தப்பில்லை. அடுத்த தராசுக்குப் போகிற வழியை அடைத்ததுதான் தப்பு.

#5 | 7 செப்டம்பர், பகல் 1.15

தம்பி பதில் போட்டிருக்கிறார்: "அக்கா, ஒரு நண்டை ரெண்டு பேருக்கு விற்க முடியாது. ஆனா ஒரு கம்ப்யூட்டர்ல ரெண்டு பிரவுசர் வெச்சுக்கலாம். உங்க உதாரணம் ஒட்டலை."

அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. மீன் குழம்பு கொதிக்கிறது, பிறகு வருகிறேன்.

#6 | 9 செப்டம்பர், இரவு 9.30

முதலில் ஒரு திருத்தம். #3இன் கடைசி வரி தப்பு. பரமக்குடியிலிருந்து வக்கீல் அண்ணன் ஒருவர் தனியாக எழுதி என் காதைத் திருகிவிட்டார்.

நடந்தது இது. 2001 ஜூன் 28இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உடைக்கும் உத்தரவை ரத்து செய்தது. வழக்கு நடக்கும்போதே நீதிபதி ஜாக்சன் பத்திரிகைக்காரர்களிடம் பேசியதும் அவருக்கு எதிராகப் போனது, வழக்கு அவர் கையை விட்டு மாறியது. பிரவுசரைச் சேர்த்துக் கட்டியதே குற்றமா என்ற கேள்வியை, நன்மை தீமை இரண்டையும் எடை போட்டுப் பார் என்று கீழே திருப்பி அனுப்பினார்கள். அரசு அந்தக் குற்றச்சாட்டை செப்டம்பரில் கைவிட்டது. நவம்பரில் சமாதானம். ஆக, 'கட்டியது குற்றம்' என்று கடைசி வரை தீர்ப்பே வரவில்லை. நான் வந்துவிட்டது போல மேளம் அடித்துவிட்டேன்.

ஆனால் நின்றது எது என்று பாருங்கள். வேண்டாத மென்பொருளை நீக்க உதவும் ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ் பட்டியலிலிருந்து பிரவுசரை எடுத்துவிட்டது. பிரித்தெடுக்க முடியாதபடி பிரவுசரின் நிரலையும் விண்டோஸின் நிரலையும் ஒன்றாகப் பின்னியது. கம்ப்யூட்டர் செய்பவர்கள் ஐகானைத் தொடக் கூடாது என்றது. இவை ஏகபோகத்தைக் காப்பாற்றச் செய்த வேலைகள் என்று மேல்கோர்ட்டும் ஒத்துக்கொண்டது.

கொடுத்தது நிற்கவில்லை, பிடுங்க விடாதது நின்றது. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தப்பாகச் சொல்லியும் வாதத்தில் கொஞ்சம் ஜெயித்துவிட்டேன் போலிருக்கிறது.

இன்னொன்று. மைக்ரோசாஃப்ட் பிரவுசரில் காசு பார்க்க நினைக்கவில்லை. நெட்ஸ்கேப்பும் ஜாவா என்ற நிரல் மொழியும் வளர்ந்தால் எந்த ஓஎஸ், அதாவது இயங்குதளம், இருந்தாலும் வேலை நடக்கும், அப்புறம் விண்டோஸ் எதற்கு என்று ஜனம் கேட்கும். அந்தப் பயம்தான். வியாபாரியும் முன்பணத்தில் லாபம் பார்ப்பதில்லையே, தராசில்தானே பார்க்கிறார்.

#7 | 13 செப்டம்பர், இரவு 11.20

#5க்குப் பதில். இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளலாம், சரி. வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2005, 2006 வாக்கில் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். பக்கத்தின் அடியில் 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் சிறப்பாகத் தெரியும், 800x600' என்று எழுதியிருக்கும். 'சிறப்பாக' என்பது மரியாதைக்கு. ஃபயர்பாக்ஸில் திறந்தால் சமர்ப்பி பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கடைசி நாள் சாயங்காலம் ஒரு பையன், ஏர்வாடியிலிருந்து பஸ் ஏறி வந்தவன், அழுகிற நிலைக்குப் போய்விட்டான். நீல 'இ'யில் திறந்தேன், போனது. அன்றைக்குப் பிறகு வேலை மெஷின்கள் எல்லாவற்றிலும் ஃபயர்பாக்ஸ் ஐகானை எடுத்துவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நானாகவே எடுத்தேன்.

எல்லாரிடமும் ஒரு பிரவுசர்தான் என்றால் பக்கம் செய்கிறவர் அதற்கு மட்டும் செய்வார். அவர் அதற்கு மட்டும் செய்தால் நானும் அதை மட்டும் வைத்துக்கொள்வேன். நண்டு மாதிரி இல்லைதான் தம்பி, ஆனால் கரை அதே கரை.

நெட்ஸ்கேப் என்கிற எதிராளி போன பிறகு என்ன நடந்தது? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001. அடுத்தது, 7, வந்தது 2006 அக்டோபர். ஐந்து வருஷம் வெந்நீரில் விழுந்த மாதிரி பாப்-அப் விளம்பரங்களோடும் வைரஸோடும் மல்லாடியவர்களுக்குத் தெரியும். முன்னூறு கிராம் கழிவு.

தமிழ்க் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. பக்கத்தோடு தானாக இறங்குகிற எழுத்துருவை நிறையப் பேர் இஓடி வடிவத்தில் வைத்தார்கள், அது மைக்ரோசாஃப்டின் சரக்கு. மற்ற பிரவுசரில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பிரெஞ்சும் கட்டமும் கலந்து ஏதோ ஓடும். தமிழ் படிக்க வேண்டுமா, நீல 'இ'.

ஆனால் மறுபக்கமும் உண்டு, மறைக்கக் கூடாது. விண்டோஸ் 98க்கு யூனிகோட் தமிழ், அதாவது எல்லாருக்கும் பொதுவான குறியீட்டில் எழுதிய தமிழ், தெரியாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் புதுப்பித்து, ஒரு யூனிகோட் எழுத்துருவும் போட்டால், பழைய மெஷினில்கூட பக்கங்கள் தமிழாகத் தெரிய ஆரம்பித்தன. நான் கண்ணால் பார்த்த அதிசயம் அது. அதே சமயம் ஃபயர்பாக்ஸ் 2இல் இருபக்கமும் சமமாக இழுத்த பத்தி என்றால் 'கொ' மூன்று துண்டாக உடையும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். 2008இல் ஃபயர்பாக்ஸ் 3 வந்த பிறகுதான் ஒழுங்கானது. கட்டிக் கொடுத்தவனால் தமிழுக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

#8 | 14 செப்டம்பர், காலை 8.00

"இழை பிரவுசரை விட்டுக் கொம்பு கால் என்று போய்விட்டது" என்கிறார் ஓர் அண்ணன். போகட்டும் அண்ணே. நீங்களும் படிக்கத்தானே செய்கிறீர்கள்.

#9 | 14 செப்டம்பர், இரவு 9.00

தேர்வுத் திரை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதாவது கூடவே ஒன்று வரட்டும், ஆனால் முதல் தடவை திறக்கும்போது 'உனக்கு எது வேண்டும்' என்று கேள் என்பது. ஐரோப்பாவில் செய்து பார்த்தார்கள். ஓபரா பிரவுசர் கம்பெனி 2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் மேல் புகார் கொடுத்தது, 2010 மார்ச்சிலிருந்து விண்டோஸில் பன்னிரண்டு பிரவுசர் கொண்ட திரை வந்தது. முதல் ஐந்தைக் குலுக்கி வரிசை மாற்றிக் காட்ட வேண்டும்.

குலுக்கத் தெரியவில்லை. நிரலில் வரிசைப்படுத்தும் இடத்தில் குளறுபடி, அதனால் மைக்ரோசாஃப்டின் சொந்த பிரவுசரே அடிக்கடி ஐந்தாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஏலச்சீட்டில் குலுக்குகிறவர் சீட்டே கடைசியில் விழுந்த மாதிரி. பிறகு சரி செய்தார்கள். அதற்குப் பிறகு இன்னும் பெரிய கூத்து: 2011 மேயிலிருந்து 2012 ஜூலை வரை அந்தத் திரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு வரவே இல்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். 2013 மார்ச்சில் 56.1 கோடி யூரோ அபராதம்.

போன வாரம் நானே ஒரு தேர்வுத் திரை வைத்தேன். கடையில் இரண்டு கம்ப்யூட்டர். இரண்டிலும் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றையும் ஒரே அளவில் நடுவில் வைத்துவிட்டு, ஆட்களைப் பார்த்தேன். ஒருவர் விடாமல் குரோமுக்குப் போனார்கள். ஐகான் இடத்தை மாற்றினேன். ஒரு பாட்டி "நெட்டு எங்கம்மா போச்சு?" என்று கேட்டார். நீல 'இ' இருந்த இடத்தில் நாலு கலர் உருண்டை. பெயர் அதேதான், நெட்டு.

தேர்வுத் திரையால் ஒன்றும் ஆகாது என்று எழுத வந்தேன். எழுதும்போது ஒரு சந்தேகம். இது ஜனங்களின் விருப்பமா, இல்லை இருபது வருஷமாக யாரோ கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததால் வந்த கையெழுத்தா? தெரியாமல் எழுதக் கூடாது, நிறுத்துகிறேன்.

#10 | 21 செப்டம்பர், மாலை 5.40

கிடைத்துவிட்டது. 'ஜனம் மாற்றாது' என்பது பொய். மாற்றியிருக்கிறார்கள், அதுவும் நம்ம கடற்கரையிலேயே.

பொத்தான் போன் காலம். கேபி கணக்கில் காசு கழியும். போனோடு வந்த பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் பேலன்ஸ் தேய்வது கண்ணுக்குத் தெரியும். ஓபரா மினி பக்கத்தைத் தன் சர்வரில் சுருக்கி அனுப்பும், செலவு ரொம்பக் குறைவு. மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற கடையில், முப்பது பாட்டோடு ஓபரா மினியையும் ஏற்றிக் கொடுப்பார்கள். பையன்கள் புளூடூத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். பாம்பனில் படகு கட்டுகிற இடத்தில், கடலுக்குப் போகாத நாளில், நாலு பேர் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு இதைச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் யூசி பிரவுசர் வந்தது, இறக்கம் பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எல்லாரும் அதற்குப் போனார்கள். 2020 ஜூன் 29இல் 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போனது.

கம்ப்யூட்டர் படிக்காதவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள், பிரவுசரைத் தேர்ந்தெடுத்து மாற்றினார்கள். காசு வலித்தது, மாற்ற வழியும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் மாறும். டேட்டா மலிவான பிறகு வலி போய்விட்டது.

வழி? நேற்று அண்ணன் மகன் போனை வாங்கி குரோம் ஐகானை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். நீக்கு என்று வரவில்லை. முடக்கு என்றுதான் வந்தது. "அத்தை, அதை முடக்கிறாதீங்க, அப்புறம் என்னென்ன நிக்கும்னு தெரியாது" என்று போனைப் பிடுங்கிக்கொண்டான். விண்டோஸ் 98இலும் எனக்கு இதே பயம்தான் இருந்தது.

#11 | 22 செப்டம்பர், காலை 7.15

ஆண்ட்ராய்டு விஷயம் நம் நாட்டுக்கும் வந்தது என்று பலருக்குத் தெரியவில்லை போல. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20இல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் தேடுபட்டை, குரோம் என்று எல்லா மூட்டையையும் சேர்த்து ஏற்று என்று போன் கம்பெனிகளிடம் சொன்னது ஒரு காரணம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் சில உத்தரவுகளை ரத்து செய்தது. ரத்தானவற்றில் ஒன்று: கூடவே வந்த செயலிகளை நீக்குவதற்குத் தடை போடக் கூடாது என்பது.

அதனால்தான் 'முடக்கு'.

சவுதியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ஐபோன் இன்னும் மோசம். அதில் குரோம் போடலாம், ஃபயர்பாக்ஸ் போடலாம், உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டுவது அதுதான். வத்தைப் படகுக்குப் பச்சை பெயின்ட் அடித்தாலும் சிவப்பு அடித்தாலும் எஞ்சின் ஒன்று. 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் வேறு எஞ்சினுக்கு வழி திறந்தார்கள். தம்பி, 'வேற இறக்கிக்கட்டும்' என்றாயே, இங்கே எதை இறக்குவது?

#12 | 22 செப்டம்பர், காலை 7.40

பெயின்ட் உதாரணம் என்னையே திருப்பி அடிக்கும் என்று இப்போதுதான் உறைத்தது. எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி எல்லா பிரவுசருக்கும் உள்ளே குரோமுக்கு அடிப்படையான கூகுளின் குரோமியம்தான். அதை யாரும் மிரட்டி ஏற்றவில்லை. மைக்ரோசாஃப்ட் 2020இல் தன் சொந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தானாகவே போய் அதில் ஏறியது. ஒரு காலத்தில் தன் ஐகானை எடுத்ததற்கு உரிமத்தையே ரத்து செய்வேன் என்றவனே!

#13 | 5 அக்டோபர், இரவு 10.30

தம்பி ஆரம்பித்த தீர்ப்புக்கே வருகிறேன். தேடலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் சொல்லியாயிற்று. போனிலும் பிரவுசரிலும் தன் தேடலை முதலில் வைக்க 2021இல் மட்டும் 26.3 பில்லியன் டாலர் கொடுத்திருக்கிறது கூகுள். இந்தச் செப்டம்பர் தீர்ப்பில் குரோமை விற்க வேண்டாம் என்றது உண்மை, ஆனால் அதோடு நிற்கவில்லை. 'என்னை மட்டுமே வை' என்கிற ஒப்பந்தம் கூடாது என்றும் அதில் இருக்கிறது. காசு கொடுப்பதைத் தடுக்கவில்லை. தடுத்தால் ஃபயர்பாக்ஸ் போன்றவர்கள் படுத்துவிடுவார்கள் என்பதும் ஒரு காரணம்.

ஃபயர்பாக்ஸ் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுப்பது. கடை பூட்டி ராத்திரி உட்கார்ந்து, எதிராளி என்று நினைத்து நான் இறக்கினேனே, அது எதிராளியிடம் முன்பணம் வாங்கித்தான் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கிறது.

நான் இப்போது நிற்கிற இடம் இது: கூட வரட்டும். நீக்குகிற வழி இருக்க வேண்டும். அடுத்தவனை வைத்தால் உரிமம் போகும், காசு நிற்கும் என்கிற பேச்சு இருக்கக் கூடாது. தம்பி இதற்கு ஒத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார், ஆனால் "அபராதம் மட்டும் வேஸ்ட், அதை நம்ம தலையிலதான் கட்டுவாங்க" என்கிறார். அது வேறு சண்டை. அதற்குத் தனி இழை திற.

#14 | 5 அக்டோபர், இரவு 10.50

இவ்வளவும் எட்ஜில் உட்கார்ந்து எழுதினேன் என்று சொன்னால் அடிப்பீர்கள். கடை மெஷினில் மற்ற இரண்டும் வாடிக்கையாளர் கணக்கோடு திறந்து கிடக்கிறது. நேற்று எட்ஜில் குரோமைத் தேடினேன், மேலே ஒரு பட்டை வந்து, நானும் அதே தொழில்நுட்பம்தான், என்னிடமே இரு என்று கெஞ்சியது.

#15 | 26 அக்டோபர், மாலை 4.20

மழை. கரையில் படகெல்லாம் ஏற்றிக் கிடக்கிறது. அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன், இந்த இழையைப் படித்துக் காட்டினேன். நண்டு வரும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உன்கிட்ட சொல்லலையே. அந்த ஆள் கணக்கை முடிச்சிட்டேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷம். எப்படி, அவ்வளவு பணம் ஏது என்றேன்.

"மண்டபத்துக்குப் போனாரே ஐஸ் பெட்டிக்காரர், அவர் திரும்பி வந்திருக்கார். இப்போ பெரிய ஆளு. அவர்தான் கொடுத்து அடைச்சார்."

அப்போ இனிமேல் நண்டு?

"அவர் தராசுக்கு."

விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட என்று மதினி உள்ளேயிருந்து சொன்னார். கழிவு எவ்வளவு என்று கேட்டேன். அண்ணன் வெளியே மழையைப் பார்த்தார். மதினிதான் சொன்னார், இருநூறு என்று.